குளோரோஃபார்ம், அட்ரினலின், ஒரு அறுபத்து மூணு வருஷக் குழப்பம்

அட்ரினலின்னு சொன்னதும் நம்மாளுங்களுக்கு ஞாபகம் வர்றது தெரு நாய் துரத்துறதும், கடைசி ஓவர்ல பத்து ரன் எடுக்க வேண்டிய மேட்சும்தான். ஆனா ஆபரேஷன் தியேட்டர்ல தலைமாட்டுல உக்காந்திருக்காரே மயக்க மருந்து டாக்டர், அவருக்கு இந்த அட்ரினலின் தினசரி விவகாரம். போற உயிரை இழுத்துப் பிடிக்கிறதும் அதுதான். ஒரு காலத்துல நல்லா இருந்த ஆளை மேஜை மேலயே சாகடிச்சதும் அதுதான்.

ஒரே சாமான் ரெண்டு வேலையும் எப்படிப் பண்ணுது? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. நடுவுல நம்ம ஹைதராபாத் வேற வருது. கொஞ்சம் நீளமான பதிவு மக்களே, டீயோ காபியோ கையில எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

கால் நகத்துக்குப் போன உயிர்

1846 அக்டோபர்ல பாஸ்டன்ல ஈதர் கொடுத்து வலி தெரியாம ஆபரேஷன் பண்ணிக் காட்டினாங்க. அடுத்த வருஷம், 1847 நவம்பர்ல, எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார். ஈதர் மாதிரி நெடி இல்லை, மூச்சுக்குழாயை அரிக்காது, சீக்கிரம் மயங்கிடும், கொஞ்சமா இருந்தாலே போதும். எல்லாரும் இதுக்குத் தாவிட்டாங்க.

மூணே மாசம். 1848 ஜனவரி 28, இங்கிலாந்துல நியூகாசில் பக்கத்துல வின்லேட்டன்னு ஒரு ஊர். ஹன்னா கிரீனர்னு 15 வயசுப் பொண்ணு. கால் விரல் நகம் ஒண்ணு எடுக்கணும், அவ்வளவுதான். சில மாசம் முன்னாடி இன்னொரு நகத்தை ஈதர் கொடுத்து எடுத்திருந்தாங்க, ஒண்ணும் ஆகலை. இந்தத் தடவை அந்தப் பொண்ணுக்கு ரொம்ப பயம். அழுதுக்கிட்டே நாற்காலியில உக்காந்திருக்கா. மெகிசன்ங்கிற டாக்டர் ஒரு தேக்கரண்டி அளவு குளோரோஃபார்மைத் துணியில ஊத்தி மூக்குகிட்ட பிடிச்சார். கத்தி பட்டதும் ஒரு உதறல். உதடு வெளுத்துப்போச்சு. முகத்துல தண்ணி தெளிச்சாங்க, பிராந்தி கொடுத்துப் பார்த்தாங்க. மூச்சு இழுக்க ஆரம்பிச்சதுல இருந்து மூணு நிமிஷத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு.

குளோரோஃபார்ம்ல பதிவான முதல் மரணம் இது. அதுக்கப்புறம் வரிசையா வர ஆரம்பிச்சுது. லண்டன்ல ஜான் ஸ்னோ (காலராவையும் தண்ணி பம்ப்பையும் முடிச்சுப் போட்டுக் காட்டினவர், முழு நேரத் தொழில் மயக்க மருந்து) இந்த மரணங்களை ஒண்ணு ஒண்ணா சேகரிச்சார். 1858ல அவர் இறந்த பிறகு வந்த புத்தகத்துல ஐம்பது மரணங்கள் இருக்கு. அதுல ஒரு விஷயம் கண்ணுல படும். பெரிய ஆபரேஷன்ல, ரொம்ப நேரம் மயக்கத்துல கிடந்தவங்கதான் செத்திருப்பாங்கன்னு நாம நினைப்போம். ஆனா நிறையப் பேர் வயசு கம்மி, நல்ல ஆரோக்கியம், சின்ன ஆபரேஷன். அதுவும் மயக்கம் முழுசா பிடிக்கிறதுக்கு முன்னாடியே, ஆரம்பத்துலயே போயிட்டாங்க.

இது விஷத்தோட குணமே இல்லையே. விஷம்னா கூடக் கூடத்தானே ஆபத்து? இங்க கொஞ்சமா உள்ள போனவங்க பொசுக்குன்னு போறாங்க, வண்டி வண்டியா இழுத்தவங்க எழுந்து வீட்டுக்குப் போறாங்க.

டாக்டர்கள் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சாங்க. ஸ்னோ கட்சி, இதயம்தான் முதல்ல நிக்குது, நாடியைப் பாருங்கன்னு சொல்லுச்சு. எடின்பரோ கட்சி, மூச்சுதான் முதல்ல நிக்கும், மூச்சை மட்டும் ஒழுங்கா கவனிச்சா ஒருத்தரும் சாக மாட்டாங்கன்னு சொல்லுச்சு. நாற்பது வருஷத்துக்கு இதே சண்டை.

நிஜாம் காசுல ஒரு பரிசோதனை

இப்பத்தான் ஹைதராபாத் வருது. அங்க ரெசிடென்சி சர்ஜனா, மெடிக்கல் ஸ்கூல் தலைவரா இருந்தவர் எட்வர்ட் லாரி. எடின்பரோவில் படிச்சவர், அந்தக் கட்சியில தீவிரத் தொண்டர். ஆயிரக்கணக்குல குளோரோஃபார்ம் கொடுத்திருக்கேன், மூச்சை மட்டும்தான் பார்ப்பேன்னு சொல்ற ஆள். 1888ல நிஜாம் அரசு ஆதரவோட முதல் ஹைதராபாத் குளோரோஃபார்ம் கமிஷன் உக்காந்துது. நாய்களுக்குக் குளோரோஃபார்ம் கொடுத்துப் பார்த்தாங்க, மூச்சுதான் முதல்ல நின்னுச்சு. லண்டன்ல 'லான்செட்' பத்திரிகை இதை நம்பலை. சரி, நீங்களே ஆளை அனுப்புங்க, செலவு நம்மளுதுன்னு நிஜாம் ஆயிரம் பவுண்ட் எடுத்து வச்சார். 1889ல லாடர் பிரண்டன்ங்கிற பெரிய மருந்தியல் நிபுணர் கப்பலேறி வந்து சேர்ந்தார். வரும்போது அவர் இதயக் கட்சி.

இந்தக் கமிஷன்ல வேலை பார்த்தவங்கள்ல ரூபா பாய் ஃபர்தூன்ஜியும் உண்டு. ஹைதராபாத் மெடிக்கல் ஸ்கூல்ல படிச்சு, உலகத்துலயே ஆரம்பகாலப் பெண் மயக்க மருந்து நிபுணர்கள்ல ஒருத்தரா ஆனவங்க. இவங்களுக்குன்னு தனிப் பதிவே போடலாம்.

நூத்துக்கணக்கான நாய், குரங்குன்னு பரிசோதனை நடந்துச்சு. எல்லாத்துலயும் மூச்சு முதல்ல நிக்குது, இதயம் அப்புறம்தான் நிக்குது. பிரண்டன் கட்சி மாறிட்டார். குளோரோஃபார்ம் நேரா இதயத்தைக் கொல்லாது, மூச்சைக் கவனிச்சாப் போதும்னு முடிவு எழுதியாச்சு.

சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இந்த இடம் நல்லாவே புரியும். கஸ்டமர் கிட்ட பக் வருது. நாம நம்ம மெஷின்ல ஓட்டிப் பார்க்கிறோம், ஒழுங்கா ஓடுது. நூறு தடவை ஓட்டினாலும் ஒழுங்கா ஓடுது. 'என் மெஷின்ல ஓடுதே, கஸ்டமர்தான் ஏதோ தப்புப் பண்றான்'னு டிக்கெட்டை மூடிடுவோம் :-) லாரி மூடினது அந்த மாதிரி டிக்கெட்டைத்தான். டாக்டர் கவனக்குறைவாக் கொடுத்தார், அதான் செத்துட்டாங்க. முடிஞ்சுது கேஸ்.

பரிசோதனை பொய்யில்லைங்க. அளவை ஏத்திக்கிட்டே போனா நிஜமாவே மூச்சுதான் முதல்ல நிக்கும். மூச்சைக் கவனிங்கன்னு சொன்னதும் நல்ல அறிவுரைதான். ஆனா ஹன்னா கிரீனர் அளவு கூடிச் சாகலையே. ஆழ்ந்த மயக்கத்துல கிடக்கிற நாயை எத்தனை பார்த்தாலும், அரை மயக்கத்துல பயந்து நடுங்குற பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு தெரியவே தெரியாது. எந்த நிலைமையில பக் வந்துதோ அந்த நிலைமையை அவங்க டெஸ்ட் பண்ணவே இல்லை. அதுக்கு இன்னொரு துண்டு வேணும். அந்தத் துண்டு 1889ல யார்கிட்டயும் இல்லை.

சிறுநீரகத்துக்கு மேல ஒரு குல்லா

அந்தத் துண்டு அஞ்சு வருஷத்துல கிடைச்சுது. ரெண்டு சிறுநீரகத்துக்கு மேலயும் குல்லா மாதிரி உக்காந்திருக்கிற அட்ரீனல் சுரப்பி எதுக்கு இருக்குன்னு அதுவரைக்கும் சரியாத் தெரியாது. ஜார்ஜ் ஆலிவர்னு ஹாரோகேட் ஊர் டாக்டர் அந்தச் சுரப்பியோட சாறை எடுத்துக்கிட்டு லண்டன்ல ஷேஃபர்ங்கிற பேராசிரியர்கிட்ட போனார். அவர் நாய்க்கு ரத்த அழுத்தம் அளந்துக்கிட்டு இருக்கார். இதையும் கொஞ்சம் ஏத்திப் பாருங்களேன்னு இவர் நச்சரிக்க, சரி தொலையட்டும்னு ஏத்தினாராம். பாதரசம் மேல ஏறு ஏறுன்னு ஏறுச்சு. 1894, 95ல இதை வெளியிட்டாங்க.

அமெரிக்காவில் ஜான் ஆபெல் இதைப் பிரிச்செடுக்கப் போராடி, 'எபிநெஃப்ரின்'னு பேர் வச்சார். சுத்தமான படிகமா எடுத்தது நியூயார்க்ல இருந்த ஜப்பான்காரர் ஜோகிச்சி தகமினேவும் அவரோட உதவியாளர் கெய்சோ உயெனகாவும். 1901ல பார்க் டேவிஸ் கம்பெனி 'அட்ரினலின்'னு பேர் போட்டு வித்துது. ஒரே பொருளுக்கு அமெரிக்காவில் ஒரு பேரு, மத்த இடத்துல ஒரு பேருன்னு இன்னைக்கும் டாக்டர்கள் குழம்புறதுக்குக் காரணம் இதுதான்.

பாட்டில்ல அட்ரினலின் கிடைச்சதும் எல்லாருக்கும் கொண்டாட்டம். ரத்தக்குழாயைச் சுருக்கும், ரத்தம் வர்றதைக் குறைக்கும். மூக்கு, தொண்டை ஆபரேஷன் பண்றவங்க ஊசி போட ஆரம்பிச்சாங்க. நோயாளி குளோரோஃபார்ம் மயக்கத்துல இருக்கும்போதே.

1911: பக் பிடிபட்டது

லண்டன்ல குட்மன் லெவின்னு ஒரு மருத்துவர். அவர் பூனைகளை வச்சு ஹைதராபாத்ல செய்யாததைச் செஞ்சார். ஆழமான மயக்கத்துக்குப் போகாம, லேசான குளோரோஃபார்ம்லயே வச்சுக்கிட்டார். அந்த நிலைமையில துளி அட்ரினலினை ரத்தத்துல விட்டார். பூனையோட இதயம் தாறுமாறாத் துடிச்சு, கடைசியில நடுங்கி நின்னுச்சு. கீழறைகள் ரெண்டும் ஒழுங்காச் சுருங்கி ரத்தத்தைத் தள்ளாம, மண்புழுக் கூட்டம் மாதிரி சும்மா நெளியும். வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன். அன்னைக்கு ஷாக் மெஷினும் கிடையாது. அதனால அது வந்தா மரணம்தான்.

அதே அட்ரினலினை ஆழ்ந்த மயக்கத்துல கொடுத்தா இந்த ஆபத்து இல்லை. லேசான மயக்கத்துலதான் வருது. ஊசிகூட வேணாம், உடம்பே சுரக்குற அட்ரினலின் போதும். பயம், வலி, திமிறல், பாதி மயக்கத்துல கத்தி படுறது, எது வேணா அதைச் சுரக்க வைக்கும்.

இப்ப வின்லேட்டனுக்குத் திரும்பிப் போய்ப் பாருங்க. பயந்து அழுத பொண்ணு, உடம்பு முழுக்க அட்ரினலின். லேசான குளோரோஃபார்ம், கத்தி பட்டதும் ஒரு உதறல். லெவி மேஜையில பூனைக்கு என்னென்ன கொடுத்தாரோ அது எல்லாமே அந்த நாற்காலியில இருந்திருக்கு. குளோரோஃபார்ம் தனியாக் கொல்லலை, அட்ரினலினும் தனியாக் கொல்லலை, ரெண்டும் சேர்ந்து கொன்னுருக்கு. 1848ல இருந்து 1911 வரைக்கும் அறுபத்து மூணு வருஷம். 'பயந்தாங்கொள்ளி நோயாளி'ன்னும், 'கவனமில்லாத டாக்டர்'ன்னும் மாறி மாறிப் பழி போட்டதுதான் மிச்சம்.

பூனை சொன்ன ரெண்டாவது பாடம்

சரி, பக் பிடிபட்டுச்சு. ஆனா ஏன்னு தெரியலை. அட்ரினலின் ரத்தக்குழாயைச் சுருக்குது, இதயத்தை விரட்டுது, மூச்சுக்குழாயை விரிக்குது, குடலைச் சோம்பேறியாக்குது. ஒரே மூலக்கூறு ஒரு இடத்துல 'சுருங்கு'ன்னும் இன்னொரு இடத்துல 'விரி'ன்னும் எப்படிச் சொல்லும்?

முதல் துப்பு கேம்பிரிட்ஜ்ல லேங்லி கொடுத்தார். 1905ல அவர் சொன்னது: மருந்து தசையில நேரா வேலை செய்யலை, செல்லுல அதை வாங்கிக்கிற ஒரு பொருள் இருக்கு, மருந்து அதுல போய் ஒட்டினாத்தான் வேலை நடக்கும். இன்னைக்கு ரிசப்டர்ங்கிறோமே (பாடப்புத்தகத்துல ஏற்பி), அதுக்கு விதை இதுதான்.

ரெண்டாவது துப்பு ஹென்றி டேலுக்குத் தானா வந்து மாட்டுச்சு. வெல்கம் மருந்து கம்பெனியோட ஆராய்ச்சிக்கூடத்துல வேலைக்குச் சேர்ந்து, எர்காட்ங்கிற பூஞ்சைச் சாறைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்துக்கிட்டு இருந்தார். அட்ரீனல் சரக்கு ஒண்ணு வந்திருக்கு, சோதிச்சுச் சொல்லுங்கன்னு கம்பெனியில இருந்து கேட்டாங்க. எதிர்ல இருந்த அதே பூனைக்குப் போட்டார். அழுத்தம் ஏறணும், ஏறலை. சரக்கு போலின்னு திருப்பி அனுப்பிட்டார். கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி அதே கதை நடந்தப்பத்தான் உறைச்சுது: சரக்குல குறை இல்லை, எர்காட் வாங்கின பூனையிலதான் விஷயம் இருக்கு! எர்காட் போன பிறகு அட்ரினலின் அழுத்தத்தை ஏத்துறதுக்குப் பதிலா இறக்கிவிடுது. 1906ல இதை எழுதினார். ஏத்துற வேலையை எர்காட் அடைச்சிருச்சு, அடியில மறைஞ்சிருந்த இறக்குற வேலை வெளிய தெரிஞ்சுது.

ஆக, தபால்காரர் ஒருத்தர்தான், கடுதாசியும் ஒண்ணுதான். வாங்கிப் படிக்கிறவங்கதான் வேற வேற. இப்படிப் பார்த்திருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். ஆனா ஆராய்ச்சியாளர்கள் அடுத்த நாற்பது வருஷம் கடுதாசியையே உத்து உத்துப் பார்த்தாங்க. உடம்புல 'சிம்பதின்'னு ரெண்டு வகைப் பொருள் உருவாகுது, ஒண்ணு தூண்டும், ஒண்ணு அடக்கும்னு கேனன், ரோசன்புளூத் 1933ல சொன்னது பெரிய கொள்கையா நின்னுச்சு.

அதை உடைச்சவர் ரேமண்ட் ஆல்க்விஸ்ட், அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் ஆகஸ்டாவில் வாத்தியார். மாதவிடாய் வலிக்குக் கர்ப்பப்பையைத் தளர்த்துற மருந்து தேடிக்கிட்டு இருந்தார். அட்ரினலின் குடும்பத்து மருந்துகள் சிலதை எடுத்து, ஒவ்வொரு உறுப்புலயும் எது எவ்வளவு பலமா வேலை செய்யுதுன்னு வரிசைப்படுத்தினார். எத்தனை உறுப்பு இருந்தும் வரிசை ரெண்டே ரெண்டுதான் வந்துச்சு. ரத்தக்குழாய் சுருங்குற வேலைக்கு ஒரு வரிசை. அதுல அட்ரினலின் முதல், ஐசோப்ரினலின் கடைசி. இதயத்தை விரட்டுறதுக்கும் குழாயை விரிக்கிறதுக்கும் இன்னொரு வரிசை. அதுல ஐசோப்ரினலின்தான் முதல். தூண்டுறது, அடக்குறதுங்கிற கணக்கே தப்பு. இருக்கிறது ரெண்டு வகை ரிசப்டர். ஆல்ஃபா, பீட்டான்னு பேர் வச்சார்.

மருந்தியல்காரங்களோட முக்கியமான பத்திரிகை இந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிடுச்சு. 1948ல உடலியங்கியல் பத்திரிகையில வந்துது. வந்தும் பத்து வருஷம் யாரும் கண்டுக்கலை. ஹன்னா கிரீனர் செத்துச் சரியா நூறு வருஷம்.

ஒரே கம்பெனியில வியாதியும் வைத்தியமும்

ஆல்க்விஸ்ட் 1954ல ஒரு மருந்தியல் பாடப்புத்தகத்துல தன்னோட கருத்தை எழுதினார். அதைப் படிச்சவங்கள்ல ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக் ஒருத்தர். நெஞ்சுவலிக்கு அன்னைக்கு எல்லாரும் இதயத்துக்கு ரத்தம் கூட அனுப்ப வழி தேடிக்கிட்டு இருந்தாங்க. பிளாக் தலைகீழா யோசிச்சார். வரவைக் கூட்ட முடியலைன்னா செலவைக் குறைப்போம். பீட்டா ரிசப்டரை அடைச்சுட்டா அட்ரினலின் வந்து கத்தினாலும் இதயத்துக்குக் காது கேக்காது.

1958ல ஐசிஐ கம்பெனியில சேர்ந்தார். அதே வருஷம் எலி லில்லி கம்பெனியில பவல், ஸ்லேட்டர்னு ரெண்டு பேர், பீட்டாவை அடைக்கிற ஒரு பொருளைக் காட்டினது அவருக்கு வழி காட்டுச்சு. முதல்ல வந்த புரோனெத்தலால் சுண்டெலிகளுக்குக் கட்டி வரவைச்சதால கைவிட வேண்டியதாப் போச்சு. அடுத்து வந்தது ப்ரோப்ரனலால், 1965ல 'இன்டெரால்'ங்கிற பேர்ல விற்பனைக்கு வந்துது. பிளாக்குக்கு 1988ல நோபல் பரிசு.

இதுல ஒரு வேடிக்கை. குளோரோஃபார்முக்கு அடுத்த தலைமுறை மயக்க மருந்து ஹாலோத்தேன். 1951ல சக்லிங் உருவாக்கி, 1956ல மனுஷங்களுக்குக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. அதுவும் இதே ஐசிஐ சரக்குதான். உலகமே அதுக்கு மாறுச்சு. குளோரோஃபார்மோட பழைய புத்தி கொஞ்சம் அதுக்கும் இருந்துது, அட்ரினலின் கூடினா இதயத் துடிப்பு தாறுமாறாகும். பீட்டாவை அடைச்சா அது அடங்கும்னு கண்டுபிடிச்சாங்க. வியாதியும் வைத்தியமும் ஒரே கேட்டுக்குள்ள இருந்து வந்திருக்கு! அப்புறம் வந்த ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன்ல இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு.

பீட்டாவையும் பிரிச்சாங்க. 1967ல லேண்ட்ஸ் குழு, இதயத்துல இருக்கிறது பீட்டா-1, மூச்சுக்குழாய்ல இருக்கிறது பீட்டா-2ன்னு சொன்னாங்க. ஆஸ்துமாக்காரங்க கையில இருக்கிற சால்பியூட்டமால் பம்ப் 1969ல அந்தக் கணக்குலதான் வந்துது. இதயத்தை அதிகம் தொந்தரவு பண்ணாம மூச்சுக்குழாயை மட்டும் விரிக்கணும்.

மூக்குல விட்ட சொட்டு

இதுவரைக்கும் ரிசப்டர்னா உறுப்புல இருக்கிற காதுன்னுதான் பார்த்தோம். அடுத்த திருப்பம் மூளைக்குள்ள.

1962ல ஜெர்மனியில போரிங்கர் இங்கல்ஹைம் கம்பெனியில, மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்தா ஒண்ணு தயார் பண்ணினாங்க. அங்க ஒரு டாக்டரோட செக்ரட்டரிக்கு ஜலதோஷம். சரி, இதைப் போட்டுப் பாரும்மான்னு கொடுத்திருக்காங்க. அந்தம்மா ஒரு நாள் முழுக்கத் தூங்கிட்டாங்க. ரத்த அழுத்தம் இறங்கி, துடிப்பும் குறைஞ்சிருந்துது. மருந்துப் பேர் குளோனிடின். 1966ல ரத்தக்கொதிப்பு மருந்தா விற்பனைக்கு வந்துச்சு.

அட்ரினலின் குடும்ப மருந்து ஆளைத் தூங்க வைக்கிறது எப்படி? 1970களில் பதில் கிடைச்சுது. நரம்போட முனையிலயே ஒரு ரிசப்டர் இருக்கு, ஆல்ஃபா-2. அந்த நரம்பு வெளிய விடுற நார்அட்ரினலினை அதே நரம்பு இந்தக் காதால கேட்டு, 'போதும், நிறுத்து'ன்னு தனக்குத்தானே பிரேக் போட்டுக்குது. மூளைத்தண்டுல லோக்கஸ் செருலியஸ்னு ஒரு குட்டி இடம், நம்மளை முழிப்பா வச்சிருக்கிற நார்அட்ரினலின் அங்க இருந்துதான் மூளை முழுக்கப் போகுது. ஆல்ஃபா-2ஐ அழுத்தினா அந்த இடம் அமைதியாகும், தூக்கம் வரும்.

இதையே குறிபார்த்து ஃபின்லாந்துல உருவாக்கினதுதான் டெக்ஸ்மெடடோமிடின். 1999 டிசம்பர்ல அமெரிக்காவில் ஐசியு நோயாளிகளுக்கு அனுமதி கிடைச்சுது. இதோட விசேஷம், இயல்பான தூக்கத்துக்குக் கிட்டத்துல இருக்கும். தோளைத் தட்டிக் கூப்பிட்டா கண்ணு திறந்து பதில் சொல்வாங்க, விட்டா மறுபடி தூங்கிடுவாங்க. மூச்சை அதிகமா அமுக்காது. முழிச்சிருக்க வச்சே மூளை ஆபரேஷன் பண்றப்ப இது கைகொடுக்குது. சும்மா இல்லை, நாடி குறையும், அழுத்தம் இறங்கும், வேகமா ஏத்தினா முதல்ல அழுத்தம் ஏறி அப்புறம் இறங்கும். பெரிய ஆபரேஷனுக்கு இது மட்டும் போதாது, மத்த மருந்துகளோட துணை வேணும்.

ஒரு காலத்துல மயக்க மருந்தோட எமனா இருந்த அதே ரிசப்டர் குடும்பத்துல, இப்ப மயக்கமே ஒரு ஆள் வழியா வருது பாருங்க.

தலைமாட்டுல என்ன நடக்குது?

மயக்கம்னா தூங்க வைக்கிற வேலைன்னுதான் நாம நினைக்கிறோம். தூங்க வைக்கிறது அதுல ஒரு பகுதிதான். நாம மயங்கினாலும் உடம்பு முழிச்சிருக்கும். தொண்டையில டியூப் போடும்போது நமக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா நாடியும் அழுத்தமும் சர்ருன்னு ஏறும். அதுக்கு சில நிமிஷம் மட்டும் வேலை செய்யுற எஸ்மலால் இருக்கு, பீட்டாவை அடைக்க. சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டா பரிவு நரம்பும் சேர்ந்து மரத்து, குழாயெல்லாம் தளர்ந்து அழுத்தம் விழும். அதைத் தூக்கி நிறுத்த ஃபீனைல்எஃப்ரின், ஆல்ஃபா-1ஐ மட்டும் தட்டுறது. ஒவ்வாமையில மூச்சடைச்சு அழுத்தம் விழுந்தா, தொடையில அரை மில்லிகிராம் அட்ரினலின், ஏன்னா அங்க ஆல்ஃபாவும் வேணும், பீட்டாவும் வேணும். மானிட்டர்ல ஓடுற கோட்டைப் பார்த்துக்கிட்டே அவர் எந்தக் காதைத் திறக்கணும், எந்தக் காதை மூடணும்னு முடிவு பண்ணிக்கிட்டு இருக்கார்.

எல்லாம் தெரிஞ்சாச்சுன்னு நினைச்சா அங்க ஒரு அடி விழும். இதயத்துக்கு வேலை குறையட்டும்னு ஆபரேஷனுக்கு முன்னாடி பீட்டா தடுப்பானைப் புதுசா ஆரம்பிச்சுக் கொடுக்கிறது ஒரு காலத்துல வழக்கமா இருந்துச்சு. 2008ல 8,351 பேர்கிட்ட நடந்த பாய்ஸ்ங்கிற ஆய்வு வெளிவந்துது. மெட்டோப்ரலால் வாங்கினவங்களுக்கு மாரடைப்பு குறைஞ்சுது, 5.7 சதவீதத்துல இருந்து 4.2. ஆனா மரணம் 2.3ல இருந்து 3.1 ஆச்சு, பக்கவாதமும் கூடுச்சு. ரத்தம் போறப்பவும் அழுத்தம் விழறப்பவும் உடம்பு உதவின்னு கத்தும், அந்த நேரத்துல இதயத்தோட காதைப் பொத்தி வச்சா எப்படி? அதே சமயம், வருஷக்கணக்கா இந்த மாத்திரை சாப்பிடறவங்க ஆபரேஷன்னு பயந்து தானா திடீர்னு நிறுத்தினாலும் ஆபத்து. அடைச்சு வச்சிருந்த வரைக்கும் உடம்பு இன்னும் நிறையக் காது முளைக்க வச்சிருக்கும், நிறுத்தினதும் எல்லாம் ஒரே நேரத்துல கேக்க ஆரம்பிச்சுடும்.

அதனால, உங்க வீட்ல யாருக்காவது ஆபரேஷன்னா, சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் ஒரு சீட்டுல எழுதி மயக்க மருந்து டாக்டர்கிட்ட காட்டுங்க. 'பிரஷர் மாத்திரைதானே'ன்னு விட்டுடாதீங்க. ஆஸ்துமா இருந்தா அதையும் சொல்லுங்க.

ஆல்க்விஸ்ட் காலத்துல ரிசப்டர்ங்கிறது வெறும் கணக்கு, கண்ணால பார்த்தவங்க இல்லை. 1986ல லெஃப்கோவிட்ஸ் குழு பீட்டா-2ஓட மரபணுவைப் பிடிச்சாங்க. செல்லோட சுவரை ஏழு தடவை உள்ளயும் வெளியயும் ஊசி நூல் மாதிரி தைச்சிருக்கு. கண்ணுல வெளிச்சத்தை வாங்குற ரோடாப்சினும் அப்படியேதான் இருக்கு! ஐசியுவில வேலை பார்த்தப்ப இந்த ரிசப்டர்கள் மேல ஆர்வம் வந்த பிரையன் கோபில்கா, 2007ல பீட்டா-2ஓட முழு வடிவத்தையும், 2011ல அது செய்தியை உள்ள கடத்துற அந்தக் கணத்தையும் படம் பிடிச்சுக் காட்டினார். ரெண்டு பேருக்கும் 2012ல வேதியியல் நோபல்.

லேங்லி 1905ல இருக்கணும்னு சொன்ன பொருளோட படம் நூறு வருஷம் கழிச்சு வந்திருக்கு. ஹைதராபாத்ல பரிசோதனை பண்ணினவங்க முட்டாள்கள் இல்லை, நேர்மையாத்தான் எண்ணிக்கிட்டு இருந்தாங்க. அவங்க கணக்குல மருந்து இருந்துது, அளவு இருந்துது, மூச்சு இருந்துது. அழுதுக்கிட்டு உக்காந்திருந்த ஒரு பொண்ணோட பயம் மட்டும் இல்லை. பயமும் ஒரு மருந்து மாதிரி, அதுக்கும் ரத்தத்துல ஒரு அளவு உண்டுன்னு அன்னைக்கு யாருக்கும் தோணலை. இன்னைக்கு ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் வந்து பக்கத்துல உக்காந்து, 'பயப்படாதீங்கம்மா, நான் கூடவே இருப்பேன்'னு சொல்றார் பாருங்க, அதை வெறும் ஆறுதல்னு நினைக்காதீங்க. அதுவும் வைத்தியத்துல சேர்த்திதான்.

மயக்க மருந்து டாக்டர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தா, உங்க தியேட்டர் அனுபவத்தைப் பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. அடுத்த பதிவுல பார்ப்போம். வர்ட்டா :-)